வயரைச் சுருட்டுவதற்கு முன்

டெல்டா கிராமங்களில் விசேஷ வீட்டில் மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்துவிட்டால், 108 வண்டி கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் நடக்கும் முதல் காரியம், பந்தலில் இழுத்திருந்த வயர்களை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துப் போவதுதான். அதில் எப்போதும் கெட்ட எண்ணம் இருக்கும் என்று சொல்லமாட்டேன். இன்னொருவருக்கு ஆகிவிடக் கூடாது என்ற பதைப்பில் சிலர் அவிழ்ப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் சீரியல் விளக்கு எதற்கு என்று சிலர் அவிழ்ப்பார்கள். போலீஸ் வந்தால் என்ன கேட்குமோ என்று பயந்து பந்தல்காரரின் ஆட்கள் அவிழ்ப்பார்கள். எதற்காக அவிழ்த்தாலும், எந்த இணைப்பில் கசிந்தது, அதை யார் போட்டார், யார் சொல்லிப் போட்டார் என்று பிறகு எவராலும் காட்ட முடியாமல் போகிறது. அந்தச் சாவு விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

நான் நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். 2022 ஐப்பசியில் என் சித்தப்பா மகன், அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன், எங்கள் பங்காளி ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய இரவு, பந்தலின் முகப்புக் காலில் வாழைமரம் கட்டும்போது மின்சாரம் தாக்கி இறந்தான். அவனுக்கு மனைவியும், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகளும் இருக்கிறார்கள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை ஊர்க்கூட்டத்திலும், காவல் நிலையத்திலும், மின் ஆய்வாளர் அலுவலகத்திலும், நீதிமன்றத்திலும் தூக்கிக்கொண்டு அலைந்ததில் நான் கற்றவற்றை, இதே நிலையில் நிற்க நேரும் வேறொரு குடும்பத்துக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுப்பு முழுவதும் அந்த விவரத்துக்குள்தான் இருக்கிறது. புதுவீட்டுக்கு வயரிங் செய்தவர் சான்றிதழ் உள்ள வயர்மேன். மெயின் சுவிட்சுக்கு அடுத்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை, அதாவது மின்கசிவு கண்டால் தானாகத் துண்டித்துவிடும் கருவியை, முறையாக வைத்திருந்தார். பந்தல், விளக்கு, நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தவர் பக்கத்து ஊர்ப் பந்தல்காரர். எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் மூங்கில் காலும் தென்னங்கீற்றும்தான் பந்தல். அதில் வயர் கசிந்தாலும் பெரும்பாலும் ஆளைக் கொல்லாமல் விட்டுவிடும். இப்போது இரும்புக் குழாயும் தகரமும் வந்துவிட்டன. வேலை சீக்கிரம் முடிகிறது, மழைக்கும் தாங்குகிறது, ஆனால் எங்கோ ஒரு மூலையில் கசிகிற மின்சாரம் பந்தல் முழுவதும் பரவி நிற்கிறது. இந்த மாற்றத்துக்கு ஏற்ப வயர் இழுக்கும் முறை மாறவேயில்லை. மூங்கிலில் கட்டியது போலவே குழாயிலும் கட்டுகிறார்கள்.

அன்று மாலை தூறல் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தது, அதாவது தானாக மின்சாரத்தைத் துண்டித்தது. ஏற்றிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது. பந்தலைச் சுற்றி விளையாடிய பிள்ளைகள் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பந்தல்காரர் காலையிலேயே வேறொரு விசேஷத்துக்குப் போய்விட்டார். வேலையில் இருந்தவர்கள் இரண்டு பையன்கள், மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் முதலாளியைக் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, லைட் நிற்கமாட்டேன் என்கிறது என்று சொன்னான். "அந்தப் பொட்டிய விட்டுட்டு நேரா மெயின்லேருந்து எடுத்துக் குடுத்துட்டு வேலயப் பாருடா" என்று பதில் வந்தது. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் அதைக் கேட்டார். பையன் சொன்னபடியே செய்தான். விளக்கு நின்று எரிந்தது. ஆர்.சி.சி.பி.யும் அதன் பிறகு விழவில்லை, விழுவதற்கு வழியில்லாமல் போய்விட்டதால்.

இங்கே தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் சாதாரண எம்.சி.பி., அதாவது மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் விழும் சுவிட்ச், வயரைக் காப்பாற்றுவதற்கானது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனித உடல் வழியாகப் போகிற கால் ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல, ஆனால் அந்தக் கால் ஆம்பியர் இதயத்தை நிறுத்தப் போதும். ஆர்.சி.சி.பி. வேறு வகை. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே, அதாவது அவ்வளவு மின்சாரம் வேறு ஏதோ வழியாகப் பூமிக்குள் போகிறது என்று தெரிந்தாலே, நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். ஆகவே அன்று அந்தக் கருவி பழுதாகவில்லை. ஆபத்து இருக்கிறது என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. ஒரு மனிதர் அதை விலக்கச் சொன்னார், இன்னொருவர் விலக்கினார். விபத்து என்ற சொல்லை அதன் பிறகு நான் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

கசிந்த இடத்தையும் பிறகு பார்த்தேன். முகப்பிலிருந்து இரண்டாவது காலில், ட்யூப்லைட் வயரைக் குழாயோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். சென்டரிங் வேலையில் கம்பி கட்டுகிற அதே கட்டுக்கம்பி. குறடால் இறுக்கிய இறுக்கில் கம்பி வயரின் மேலுறையைக் கிழித்து உள்ளே செம்பு வரை இறங்கியிருந்தது. பார்த்தால் நகக்கீறல் அளவுதான், அதில் மழைத்தண்ணீர் வடிந்த கறுப்புத் தடம் இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, இரண்டு வயரின் ஒட்டுகளையும் ஒரே இடத்தில் தனித்தனியாக முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப் ஈரத்தில் ஊறி நழுவியிருந்தது. கால்கள் எல்லாம் நனைந்த சிமெண்டுத் தரையில் தட்டு வைத்து நின்றன. கசிந்ததில் கொஞ்சம் தரைக்குப் போனது, ஆர்.சி.சி.பி.யை விழவைத்தது அதுதான். ஆனால் குழாயின் மின்னழுத்தத்தைத் தணிக்கும் அளவுக்கு எர்த் எங்கும் இல்லை. தம்பி கொல்லையில் கால் கழுவிவிட்டு, ஈரக்காலோடு, வெட்டிய வாழையைத் தோளில் சாய்த்தபடி வந்து குழாயைப் பிடித்தான்.

தகவல் கேட்டு நான் போனபோது அவனைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மெயினை அணைத்திருந்தார். பையன்கள் ஒரு பக்க வயரை ஏற்கனவே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மீதியைத் தொட வேண்டாம் என்று நிறுத்தி, மீட்டர் இருந்த வராந்தாவைப் பூட்டச் சொல்லி, சாவியை வார்டு உறுப்பினரிடம் கொடுக்க வைத்தேன். ஆர்.சி.சி.பி.க்கு மேலிருந்து தனியாகப் போன வயரையும், அது போன வழியையும், கட்டுக்கம்பியையும், அவிழ்த்த வயர் கிடந்த நிலையையும் கைப்பேசியில் முதலில் தூரத்திலிருந்தும் பிறகு கிட்டத்திலிருந்தும், நடுவில் நிறுத்தாமல் ஒரே காணொளியாகவும் எடுத்தேன். பெரியவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "பொணம் வீட்டுக்கு வரல, அதுக்குள்ள போட்டோ புடிக்கிறியா" என்று எங்கள் பெரியப்பாவே கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது, நான் நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகளாக வழக்கு நின்றுகொண்டிருப்பது அந்தப் படங்களின் மேல்தான்.

உயிர் பிழைக்கும் வாய்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் தாக்கி மூச்சில்லாமல் விழுந்தவருக்குப் பெரும்பாலும் நேர்ந்திருப்பது இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோவதுதான். மெயினை அணைத்த உடனே நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல், வண்டி வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை காலைத் தேய்ப்பதும் மண்ணில் புதைப்பதும் நேரத்தைத் தின்பவை.

இனி காவல் நிலையம். மின்சாரம் தாக்கிய மரணத்தில் முதலில் பதிவாவது பெரும்பாலும் இயற்கைக்கு மாறான மரணம் என்ற தலைப்பிலான வழக்குதான். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 194. அந்தப் பிரிவில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்று யாரும் இல்லை. புகாரை நிலையத்தில் இருப்பவரே எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அதில், என் கணவர் வாழைமரம் கட்டும்போது எதிர்பாராதவிதமாக மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார், அவர் மரணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கடைசி வரியோடு தம்பி மனைவி கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். வயரை இழுத்தவர் யார், அவரை அனுப்பியவர் யார், ஆர்.சி.சி.பி. எத்தனை மணியிலிருந்து விழுந்தது, அதை விலக்கி நேரடியாக இணைத்தது யார் சொல்லி, குழாயில் அடிக்கிறது என்று முன்பே சொன்னவர்கள் யார் யார் என்று வெள்ளைத்தாளில் அவளே தன் கையால் எழுதிக் கொடுத்தாள். சட்டப்பிரிவைப் புகாரில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. நடந்ததை எழுதினால் போதும். முதலில் 174-இல் பதிவான வழக்கு, பிறகு பிரிவு மாற்ற அறிக்கை மூலம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவுக்கு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்கு மாறியது. அதற்கு உச்ச தண்டனை 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பவற்றுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பொருந்தும். உச்ச தண்டனை 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது.

சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் போடும்போது குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். "இரும்புக் குழாய் பந்தல், ட்யூப்லைட்டுகள்" என்று மட்டும் எழுதினால் அது எதற்கும் உதவாது. ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து தனி இணைப்பு எடுக்கப்பட்டிருந்தது என்ற வரி அதில் ஏற வேண்டும். அந்த வயரும் கட்டுக்கம்பியும் ஆர்.சி.சி.பி.யும் கைப்பற்றுதல் மகஜரில் வர வேண்டும். எங்கள் வழக்கில் வந்த சார்பு ஆய்வாளர் நல்ல மனிதர். தனக்கு மின்சாரம் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார், காட்டியதை எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

பிரேதப் பரிசோதனையில் எங்களைத் திடுக்கிட வைத்த ஒன்று, உடலில் தெளிவான தீக்காயம் இல்லை என்பது. வீட்டு மின்சாரம் ஈரத்தோலில் அகலமாகப் பாயும்போது அடையாளமே இல்லாமல் போகலாம் என்பது தடயவியல் மருத்துவம் அறிந்த விஷயம்தான், ஆனால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு, மாரடைப்பில் விழுந்தவன் என்று பேசும். நடந்த சூழலைப் பிரேத விசாரணை அறிக்கையில் காவலர் முழுமையாக எழுதி மருத்துவருக்கு அனுப்பினால்தான், அவர் சூழலையும் உள்ளுறுப்புகளின் ரசாயனப் பரிசோதனை முடிவையும் சேர்த்துப் பார்த்து இறுதிக் கருத்துத் தர முடியும். ரசாயன அறிக்கையின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; அது வேறொரு விதத்திலும் பயன்படும், பின்னால் சொல்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஓர் அலுவலகம் மின் ஆய்வாளர் அலுவலகம். மின்வாரியம் வேறு, இது வேறு. இது மாநில அரசின் மின் ஆய்வுத் துறையைச் சேர்ந்தது. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்படி, மின்சாரத்தால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உயிரிழப்பு என்றால் அறிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவலும், 48 மணி நேரத்துக்குள் எழுத்துமூலமான அறிக்கையும் போக வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்திலிருந்து அது போனதா என்று கேட்டு, போகட்டும் போகாமலிருக்கட்டும், குடும்பத்தின் சார்பில் ஒரு மனுவைப் பதிவுத் தபாலில் நேரடியாக மின் ஆய்வாளருக்கு அனுப்பிவிடுவது நல்லது. எங்கள் வழக்கில் அவர் வந்து, வயரின் காப்புறையைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தார்; எந்த விதி மீறப்பட்டது என்று எழுதினார். அந்த அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, புலன்விசாரணை நடக்கிறது என்று முதலில் மறுத்தார்கள், மேல்முறையீட்டில் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் ஊர்க்கூட்டம். கருமாதி முடிந்த கையோடு, பந்தல்காரர் சார்பில் இரண்டு ஊர்ப் பெரியவர்கள் வந்து, மூன்று லட்சம் தருகிறார், முத்திரைத்தாளில் வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஊருக்குள் பகை எதற்கு என்றார்கள். வீட்டுக்காரரும் எங்கள் பங்காளிதான். அவர் வீடு இன்னும் குடிபோகாமல் பூட்டிக் கிடந்தது, அவர் தலையும் குனிந்தே இருந்தது. தம்பி மனைவியிடம் நான் எதையும் திணிக்கவில்லை. அவள் எல்லோரும் பேசி முடித்த பிறகு, "மாமா, காச வாங்கிக்கிட்டா கேசு போயிடுமா?" என்று ஒன்றைத்தான் கேட்டாள். போகாது என்பதுதான் சட்டத்தின் பதில். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஆனால் நடைமுறையில் அந்தத் தாள் போலீஸ் கையில் போனால் சாட்சிகள் பிறழ்வார்கள், வழக்கு சத்தமில்லாமல் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று முடியும். பணத்தை வாங்கிக்கொள்வதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. நிவாரணமாக இவ்வளவு பெற்றுக்கொண்டோம், இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று ரசீது கொடுத்து வாங்கலாம். யாருடைய தவறும் இல்லை என்ற வரியில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. அப்படியான ரசீதுக்குப் பந்தல்காரர் சம்மதிக்காததால் அந்தப் பேச்சு முறிந்தது.

அந்த நேரத்துச் செலவுக்கு உதவியது வேறு. தம்பியின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்ததைப் பாஸ்புக்கில் பார்த்துக் கண்டுபிடித்தோம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கொடுத்து அது வந்தது. இறந்தவரின் பாஸ்புக்கை ஒரு தடவை வரி வரியாகப் புரட்டிப் பாருங்கள்.

குற்றப்பத்திரிகை வந்தபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அதில் எதிரி ஒருவன் மட்டுமே: அந்தப் பத்தொன்பது வயதுப் பையன். அவன்தான் கையால் இணைத்தவன், ஆகவே அவன்தான் குற்றவாளி என்று முடித்துவிட்டார்கள். அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். அவரும் கணவரை இழந்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பையன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆர்.சி.சி.பி. என்றால் என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. தினக்கூலிக்கு ஏணி ஏறுகிறவன். அவனை அனுப்பி, மேற்பார்வைக்கு ஆள் வைக்காமல், கைப்பேசியில் உத்தரவு போட்டவர் சாட்சிப் பட்டியலில்கூட இல்லை. மின் விபத்து வழக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார்: பொறுப்பு எப்போதும் கீழே, கடைசியாக வயரைத் தொட்ட கையில் போய் நின்றுவிடும். அதற்குச் சட்டத்தில் ஒரு பிடியும் இருக்கிறது. 304-ஏ பிரிவுக்கு, ஒருவரின் கவனக்குறைவே மரணத்தின் நேரடியான, உடனடியான காரணமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965-இல், பம்பாய்ப் பெயிண்ட் தொழிற்சாலைத் தீவிபத்து வழக்கில், உரிமையாளரை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்துச் சொல்லியிருக்கிறது. நான் அந்த இடத்திலேயே இல்லையே என்ற பந்தல்காரரின் வாதம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்த வாதத்தை உடைத்தது மின் ஆய்வாளரின் அறிக்கைதான். மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அப்போது நடைமுறையில் இருந்தன. அவற்றின் இடத்தில் இப்போது இருப்பவை 2023-இல் வந்தவை. பல்பு, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, நுகர்வோரின் இடத்தில் எந்த மின்வேலையும், கூடுதலோ மாற்றமோ, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராலும் தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையிலும்தான் நடக்க வேண்டும் என்று அவற்றின் 29-ஆவது ஒழுங்குமுறை கூறுகிறது. பந்தல்காரருக்கு உரிமம் இல்லை. அவர் அனுப்பிய எவருக்கும் சான்றிதழ் இல்லை. ஆகவே நான் அங்கே இல்லை என்பது அவருக்குத் தற்காப்பு ஆகாது, அதுதான் அவர் செய்த மீறல் என்று வழக்கறிஞர் மனுவில் எழுதினார். அதோடு வெறுமனே பின்னாலிருந்து பொறுப்பில்லாமல் இருந்தவரும் அல்ல அவர். கருவியை விலக்கச் சொன்ன உத்தரவே அவருடையது. சமையல்காரரின் வாக்குமூலமும், அந்த நேரத்து அழைப்புப் பதிவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அழைப்புப் பதிவு, பேசிய நேரத்தையும் எண்ணையும்தான் காட்டும், பேச்சைக் காட்டாது. ஆனாலும் அது இல்லாவிட்டால் நான் பேசவே இல்லை என்று சொல்லிவிடலாம். தொலைபேசி நிறுவனங்கள் அதைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை, ஆகவே அதைப் பெற்றுச் சேர்க்குமாறு தொடக்கத்திலேயே காவல்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விசாரணை தொடங்குவதற்கு முன்புவரை மேல் புலனாய்வுக்குக் குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாக்கியிருப்பதால், அந்த மனு ஏற்கப்பட்டது. கூடுதல் குற்றப்பத்திரிகையில் பந்தல்காரர் முதல் எதிரி, பையன் இரண்டாவது.

இழப்பீடு தனித் தடம். குற்றவழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் பலர், அது ஆபத்து. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி மனைவியும் பிள்ளையும் பெற்றோரும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு மட்டுமே. நீதிமன்றக் கட்டணத்துக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம்: பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச வழக்கறிஞரும் கட்டண உதவியும் பெற உரிமை உண்டு. தம்பி மனைவியின் வழக்கு அப்படித்தான் தாக்கலானது. இறந்தவர் வேலையாளாக இருந்தால், உதாரணமாகப் பந்தல் வேலைக்கு வந்த பையனே இறந்திருந்தால், வேலை கொடுத்தவரிடம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் (2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) கேட்கும் வழி உண்டு. அங்கே கவனக்குறைவை நிரூபிக்கவே தேவையில்லை.

மின்வாரியக் கம்பி அறுந்து விழுந்தோ தாழ்வாகத் தொங்கியோ உயிர் போனால் நிலைமை வேறு. சாலையில் கிடந்த மின்கம்பியில் சைக்கிளில் வந்தவர் சிக்கி இறந்த வழக்கில், யாரோ திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்ததுதான் காரணம் என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதிட்டது; ஆபத்தான பொருளைக் கையாள்பவர், தன் கவனக்குறைவு இல்லாவிட்டாலும், அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கம்பி வாரியத்துடையது என்றால் இழப்பீட்டுக்குக் கம்பியும் மரணமும் போதும். யார் தப்பு என்று தேட வேண்டியதில்லை. வீட்டு வயரிங், பந்தல், தனியார் ஜெனரேட்டர் என்றால் யார் என்ன செய்தார் என்று காட்ட வேண்டும், அதனால்தான் வயரைச் சுருட்டவிடாதீர்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன். எங்கள் வழக்கில் தொடக்கத்தில் சிலர் மின்வாரியத்தின் மேல் போடுங்கள், அரசாங்கப் பணம் சீக்கிரம் வரும் என்று யோசனை சொன்னார்கள். வாரியத்துக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை. நாங்கள் அந்த வழியில் போகவில்லை.

தம்பி இறந்த அதே 2022-இல், ஏப்ரல் 27 அன்று அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் அதைச் சொல்லித்தான் ஒருவர், சாமி காரியத்திலேயே இப்படி ஆகிறது, மனுசன் என்ன செய்ய முடியும் என்றார். மனுசன் செய்யக்கூடியது அங்கேயும் இருந்தது. தேர் வரும் நேரத்தில் அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்க வேண்டுமா என்று முடிவுசெய்வது மனிதர்தான். இதே போல, ஜெனரேட்டரை, வாரிய மின்சாரத்திலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் சொருகினால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற உறுதி, வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறி நிற்கிற ஊழியரைக் கொன்றுவிடும். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வீதிக்கு வீதி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கம்பம் நட்டவர்கள் ஒவ்வொரு கம்பத்திலும் இந்தப் பயத்தோடுதான் ஏறினார்கள்.

பந்தல்காரர் தன் எதிர்வாதத்தில், இறந்தவர் குடித்திருந்ததால் தடுமாறிக் குழாயில் விழுந்தார் என்று எழுதியிருக்கிறார். ரசாயனப் பரிசோதனை அறிக்கையில் ஆல்கஹால் இல்லை என்று இருக்கிறது. முன்பு சொன்ன பயன் இதுதான். இந்த ஒரு வரியை எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தே இருங்கள், எழுதாத வழக்கு அபூர்வம். குற்றவழக்கில் சமையல்காரரின் சாட்சியம் பதிவாகிவிட்டது. குறுக்கு விசாரணையிலும் அவர் மாறவில்லை. உரிமையியல் வழக்கு சாட்சிக் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

பட்டறைக்கு வருகிறவர்கள் விசேஷத்துக்குப் பந்தல் பேசுவதாகச் சொன்னால், சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். வயர் இழுக்க வருகிறவருக்குத் தகுதிச் சான்று உண்டா, விளக்கு எரியும் நேரம் முழுவதும் அவர் அங்கே இருப்பாரா, பந்தல் இணைப்பு ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் போகுமா, குழாய்க்கு எர்த் கொடுப்பாரா, கட்டுக்கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் டேக் போடுவாரா என்பவை அவை. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க எந்தச் சான்றும் தேவையில்லை. அழுத்தியதும் விழ வேண்டும். விசேஷ நேரத்தில் அது தானாக விழுந்தால் விளக்கில்லாமல் இருந்துகொள்ளலாம். கம்பி தொங்குவது போன்ற மின்வாரியப் புகாருக்கு, வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இருக்கிறது. புகார் எண்ணைக் குறித்து வைத்தால் நாளை அதுவே ஆவணம்.

சென்ற வைகாசியில் ஒருவர் அதே பந்தல்காரரின் ரசீதை என்னிடம் காட்டினார். புதிதாக அச்சடித்திருக்கிறார், அடியில், மின் இணைப்பால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் விசேஷ வீட்டாரே பொறுப்பு என்று ஒரு வரி. அந்த வரி குற்றவழக்கிலிருந்து அவரைக் காப்பாற்றாது. ரசீதில் கையெழுத்தே போடாத மூன்றாம் மனிதர் இறந்தால் அவர் குடும்பத்தை அது கட்டுப்படுத்தவும் செய்யாது. இருந்தாலும் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேலை செய்யப்போகும் வயர்மேனின் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் எழுதி வாங்கி வரச் சொன்னேன். வாங்கிவரவில்லை, வேறு பந்தல்காரரைப் பேசிவிட்டார்.